பரிசு வாங்காத பிள்ளை

கல்லூரி ஆண்டு விழாக்களில் அறக்கட்டளைப் பரிசு வழங்கும் நிகழ்ச்சியை நாம் யாவரும் அறிவோம். மறைந்த ஒருவரின் பெயர் படிக்கப்பெறும், அவர் நினைவாக நிறுவப்பெற்ற பரிசு, பாடத்தில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவருக்கு வழங்கப்பெறும், அவையோர் கைதட்டுவர், அடுத்த பெயர் படிக்கப்பெறும். பாட்டனார் பெயரால், ஆசிரியப் பெருமக்கள் பெயரால், வள்ளல்கள் பெயரால் அமைந்த பரிசுகள் பல. அவற்றினிடையே, இளவயதில் மறைந்த பிள்ளைகளின் பெயரால் பெற்றோர் நிறுவிய பரிசுகளும் உண்டு. அவ்வேளையில் மேடையின் ஓரத்தில் ஒரு தாயோ தந்தையோ நிற்பதைக் காணலாம். அவர்தம் முகத்தை நெடுநேரம் நோக்க நம்மால் இயலாது.

கோவையில் பல்லாண்டு தமிழ் பயிற்றுவித்த நான், அத்தகைய பரிசுகள் சில அமைவதற்கு வழிகாட்டியவன். ஆதலால் சில ஆண்டுகளுக்கு முன்னர், விசைத்தறித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சார்ந்த ஒரு தாய் என் இல்லத்திற்கு வந்தபோதும் அதே வழியைத்தான் கூறினேன். அவர் மகன் என் மாணவன். இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருக்கையில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன். “தமிழ்ப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெறுவோருக்கு அவன் பெயரால் ஒரு பரிசு வைக்கலாம், அம்மா, அவன் பெயர் என்றும் நிலைக்கும்” என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“சாருங்க, எம் பையன் ஒரு நாளும் பரிசு வாங்கினவன் இல்லீங்க. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஏதாச்சும் பண்ண முடியுங்களா?”

அவ்வினாவிற்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இளிவும் இழவும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல்; இழவாவது உற்றாரையோ உடைமையையோ இழத்தல்; அசைவாவது முன்னைய நிலை கெட்டுத் தளர்தல்; வறுமை அனைவரும் அறிந்ததே.

இந்நூற்பாவை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அத்தாய் வந்து சென்ற பின்னரே, இளிவு முன்னும் இழவு அதனை அடுத்தும் நிற்பது என் நெஞ்சில் தைத்தது. நூலாசிரியர் எக்கருத்தால் அவ்வாறு வைத்தாரோ நான் அறியேன். ஆயினும் நம் கல்விக்கூடங்களில் நிகழ்வதும் இவ்வரிசையே அன்றோ? முதலில் பிள்ளையை இளிவுபடுத்துகிறோம். பின்னர் இழவுக்கு அழுகிறோம்.

என் குற்றத்தை நான் மறைக்க விரும்பவில்லை. விடைத்தாள்களைத் திருப்பித் தரும்போது, மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி உரக்கப் படித்துத் தருவது என் வழக்கமாக இருந்தது. முதலில் எழுந்து வரும் மாணவனைக் கண்டு வகுப்பு சிரிக்கும். நானும் ஏதேனும் ஒரு சொல் சேர்த்துச் சொல்வேன். சிரிப்பு இன்னும் பெருகும். அது மாணவர்க்கு ஊக்கம் தரும் என்று மெய்யாகவே நம்பினேன். அத்தாயின் மகன் பலமுறை முதலில் எழுந்து வந்தவன். அவனும் சிரித்துக்கொண்டேதான் வருவான். அச்சிரிப்பின் பொருளை நான் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை.

அவன் இறப்பிற்கு அதுவே காரணம் என்று நான் கூறவில்லை. தற்கொலை என்பது ஒரே காரணத்தால் நிகழ்வதன்று என மருத்துவ அறிஞர்கள் கூறுவர். மனச்சோர்வு என்னும் நோய், குடும்ப நெருக்கடி, பொருள் முடை, தனிமை, தோல்வி எனப் பல இழைகள் ஒன்றாய் முறுக்கேறியே அந்நிலை உருவாகிறது. ஆனால் அவற்றுள் ஓரிழையை நான் திரித்திருக்கலாம் என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

இஃது ஒரு வீட்டின் துயரம் மட்டும் அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு வகுப்பறையே நாள்தோறும் வெறுமையாவதை ஒக்கும் இது.

இழந்த பிள்ளையைப் போற்றியோர்

இழந்த பிள்ளையைப் போற்றுவது எங்ஙனம்? உலகில் சிலர் இதற்கு விடை கண்டிருக்கின்றனர்.

இங்கிலாந்து நாட்டில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார் 1935ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்திய இறுதிச் சடங்கு, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. தன் உடலில் நிகழ்ந்த இயல்பான பருவ மாற்றத்தைக் கொடிய நோயெனப் பிழைபட எண்ணி, எவரிடமும் கேட்க வழியின்றி, அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒருவர் இருந்திருப்பின் அவள் வாழ்ந்திருப்பாள். அச்சிறுமியை மறவாத அவர், 1953ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சமாரித்தன்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். துயருற்றோர் எவராயினும் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். மறுமுனையில் ஒருவர் பொறுமையுடன் கேட்பார். அவ்வளவே அதன் பணி. அவ்வழியைப் பின்பற்றி 1986ஆம் ஆண்டில் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்களால் தொடங்கப்பெற்றதே ‘சிநேகா’ அமைப்பு. பெயரறியாத ஒரு சிறுமிக்கு அவர்கள் கல்லறை எழுப்பவில்லை. அவளுக்குக் கிட்டாத செவியை மற்றவர்க்குக் கிட்டச் செய்தனர்.

நம் நாட்டிலேயே அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுதல் வேண்டும். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதற்காக விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கியிருந்த பதினேழு வயது மாணவி ஒருத்தி 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இறந்தாள். அவள் தந்தை தம் மகளின் இறப்புக் குறித்து முறையான புலனாய்வு வேண்டி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2025 சூலை 25ஆம் நாள் அளிக்கப்பெற்ற தீர்ப்பில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் மத்தியப் புலனாய்வுக்கு ஆணையிட்டதோடு அமையாது, நாடு முழுமைக்கும் பதினைந்து நெறிமுறைகளையும் வகுத்தனர். நூறோ அதற்கு மேலோ மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்களில் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநலப் பயிற்சி அளித்தல் வேண்டும். மதிப்பெண் கொண்டு மாணவர்களைத் தனித்தனி அணிகளாகப் பிரித்தலும், பலர் முன்னிலையில் இழிவுபடுத்துதலும் கூடா என்பன அவற்றுள் சில.

தொல்காப்பியர் ‘இளிவு’ என்றதை நீதிமன்றம் தன் மொழியில் கூறியிருக்கிறது. ஒரு தந்தையின் கண்ணீர் பிற பிள்ளைகளுக்கெல்லாம் வேலியாயிற்று. இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் ஒரு மகளுக்கு உண்டோ?

தமிழகத்திலும் நல்ல மாற்றங்கள் நிகழாமல் இல்லை. பொதுத் தேர்வில் தோல்வியுற்ற மாணவர் ஓராண்டை இழவாமல் உடனே துணைத் தேர்வு எழுதும் வாய்ப்பு இன்று இருக்கிறது. அதனை வலியுறுத்தியவர்களுள் மேற்கூறிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். கொங்கு மண்ணின் கோபிசெட்டிபாளையத்தைச் சார்ந்த கே.ஏ. செங்கோட்டையன் அவர்கள் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த 2017ஆம் ஆண்டில், பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் முறை கைவிடப்பெற்றது. 2022 அக்டோபரில் 14416 என்னும் தொலைபேசி மனநலச் சேவை தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் இனிய பெயரால் அது வழங்குகிறது. அரசு தன் பங்கிற்குக் கதவைத் திறந்திருக்கிறது. வீடும் கல்லூரியும் ஊரும் திறக்க வேண்டிய கதவுகள் இன்னும் உள்ளன.

கொங்கு நாட்டின் நிலை

கொங்கு நாடு உழைப்பால் உயர்ந்த நாடு. மழை குறைந்த மண்ணில் கிணறு வெட்டி, பஞ்சாலை கண்டு, விசைத்தறி ஓட்டி, வார்ப்படத் தொழிலும் மோட்டார் பம்பும் பனியனும் கோழிப் பண்ணையும் வளர்த்து உலகச் சந்தையில் இடம்பெற்றவர்கள் நம்மவர். இரவு ஷிப்டில் தறியோட்டும் தந்தை, தன் மகன் அத்தறிச் சத்தத்திலிருந்து விடுபட வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தால் கடன் வாங்கியேனும் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார். அவரை நான் குறை கூறேன்.

ஆனால் அவ்விருப்பம் பிள்ளையின் தோளில் எவ்வாறு இறங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணி வரை படிக்க வைத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகளை நம் பகுதி மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயரிட்டு அழைத்தனர். பெயரிடத் தெரிந்த நமக்குப் பிள்ளையை அங்கு அனுப்பாதிருக்கத் தெரியவில்லை! அவ்வாறு வளர்ந்த பிள்ளை கல்லூரிக்கு வருகிறான். முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தோல்வியுறுகிறான். “உனக்காக எவ்வளவு செலவழித்தோம்” என்று வீட்டில் ஒரு சொல். வகுப்பில் என் போன்றோரின் ஒரு சொல். தான் பிறர்க்குச் சுமை என்று அவன் எண்ணத் தொடங்கும் இடம் அதுவே.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தன்னுயிரை மாய்த்தலை நம் மண்ணில் வழங்கும் சமயங்கள் யாவும் தடுக்கின்றன; இசுலாம் உறுதியாகத் தடுக்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் செயலைத் தடுத்த மார்க்கம், துயருற்ற வீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. மகன் யூசுபைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் துயரத்தால் கண்ணொளி இழந்த செய்தியைத் திருக்குர்ஆன் கூறுகிறது. தம் பச்சிளம் புதல்வர் இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் சொரிந்தார்கள். பிள்ளையை இழந்தவர் அழுவது நம்பிக்கைக் குறைவாகாது. அவ்வீட்டாரிடம் ‘ஏன், எதற்கு’ என்று துருவித் துருவிக் கேட்பதும், கேட்டதை ஊரெங்கும் பரப்புவதுமே இரக்கக் குறைவு.

சட்டமும் இன்று இரக்கத்தின் பக்கம் நிற்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய பிரிவின் கடுமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தணித்தது; அத்தகையோர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவர் என்றும், அவர்க்கு அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்தல் வேண்டும் என்றும் கூறியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அப்பழைய பிரிவு இடம்பெறவில்லை. ‘காவல் நிலையத்திற்குப் போக நேருமே’ என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோருக்கு இச்செய்தியைப் பெரியோர்கள் எடுத்துக் கூறுதல் நலம்.

மன நோயை மறைத்துவைத்ததன் விலையையும் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மன நோயாளர்கள் இருபத்தெட்டுப் பேர் தீயில் மாண்டனர். அதன் பின்னர்த்தான் நாடு விழித்தது. குசராத்து மாநிலத்து மீரா தாத்தார் தர்காவில் மருந்தும் துஆவும் ஒருசேரக் கிடைக்க வழி செய்தனர். ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. மருத்துவரை நாடுவதால் இறைநம்பிக்கை குறையாது என்பதற்கு இவை சான்று. காய்ச்சலுக்கு மருந்துண்ணும் நாம் மனச்சோர்வுக்கு மருந்துண்ண நாணுவது ஏன்?

உவகையின் நான்கு வாயில்கள்

அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறிய தொல்காப்பியர் உவகைக்கும் நான்கு கூறினார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன் என்பது அறிவால் வரும் இன்பம். அதனை மதிப்பெண் என்று நாம் சுருக்கிவிட்டோம். விளையாட்டையோ காலத்தை வீணாக்குவது என்று ஒதுக்கிவிட்டோம். அறிவுக்கு நிகராக விளையாட்டை வைத்து எண்ணிய மொழியைக் கற்பிக்கும் நாம், விளையாடும் பிள்ளையைக் கண்டால் “படிப்பு இல்லையா?” என்கிறோம்.

மகிழ்ச்சி என்பது பெரும் பொருட்செலவில் வருவதன்று. உக்கடம் பெரியகுளக் கரையில் நண்பனோடு ஒரு மாலை நடை. தைத்திங்களில் பூப்பறிக்கச் செல்லும் கூட்டத்தோடு ஒரு கும்மி. நோன்புக் காலத்து மாலையில் தெருவிற்கே மணக்கும் கஞ்சி. ஞாயிறு காலையில் வீட்டார் அனைவரும் சூழ்ந்து பிழியும் சந்தகை. இவை மன நோய்க்கு மருந்தாகா. நோய் முற்றியவர்க்கு மருத்துவரே வேண்டும். ஆயினும் ‘நான் இங்கு வேண்டப்படுபவன்’ என்னும் உணர்வை ஒரு பிள்ளைக்கு நாள்தோறும் ஊட்டுபவை இவையே. மதிப்பெண் பெற்றால்தான் இவை கிட்டும் என்று நாம் விலை வைக்கும்போது, தோற்ற பிள்ளை மதிப்பெண்ணோடு வீட்டையும் இழக்கிறான்.

அத்தாயிடம் மறுமுறை பேசியபோது, அவன் எதனால் மகிழ்வான் என்று கேட்டேன். அக்கேள்வியை அதுவரை எவரும் கேட்கவில்லை என்றார். பிறகு நெடுநேரம் பேசினார். சந்தகை பிழிகையில் அச்சை அழுத்தித் தருவது அவன் வேலையாம். கைப்பந்து ஆட்டத்தில் அவன் தேர்ந்தவன் அல்லன். ஆனால் வெளியே போன பந்தை எடுத்துவர முதலில் ஓடுபவன் அவனே. சொல்லிக்கொண்டு வருகையில் அவர் ஒருமுறை சிரித்தார். இறந்த பிள்ளையைப் பற்றி அவன் இறந்த முறையை மட்டுமே பேசுவது, அவனை இரண்டாம் முறை இழப்பதாகும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பரிசுக்கென அவர் கொண்டுவந்த தொகை இன்று ஆண்டுதோறும் விடுதி மாணவர்க்குக் கைப்பந்தும் வலையுமாகிறது. அவன் பிறந்த நாளன்று அம்மாணவர்க்குத் தேங்காய்ப் பாலும் சந்தகையும் உண்டு. அன்று எவரும் மதிப்பெண் கேட்பதில்லை. மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை.

நாம் செய்யக் கூடுவன

நன்கு படிப்போர்க்குப் பரிசு கூடாது என்பது என் கருத்தன்று. உழைப்பிற்குப் பாராட்டு வேண்டும். வள்ளல்கள் பெயரால் அப்பரிசுகள் தொடரட்டும். ஆனால் இழந்த பிள்ளையின் பெயரை மதிப்பெண்ணோடு கட்டாதீர்கள். அப்பெயரால் மனநல ஆலோசகர் வாரம் ஒரு நாளேனும் வந்து அமர ஓர் அறை அமையட்டும். ஆசிரியர்க்கு ஒரு பயிற்சி நிகழட்டும். மாணவர்க்கு ஒரு விளையாட்டுத் திடல் திருத்தப்பெறட்டும். அடையாள அட்டையின் பின்புறத்தில் 14416 என்னும் எண் அச்சாகட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, விடைத்தாளை அவரவர் கையில் அமைதியாகக் கொடுங்கள். என் பிழையை நீங்கள் செய்ய வேண்டா.

மாணவச் செல்வங்களே, உங்கள் நண்பன் திடீரெனக் கூட்டத்தினின்று விலகினால், உறக்கமும் உணவும் குன்றினால், தனக்கு அருமையானவற்றைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டால், ‘நான் இல்லாமற்போனால் எல்லார்க்கும் நலம்’ என்று விளையாட்டாகச் சொன்னாலும், அதனை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். “சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. சொல்ல ஓரிடம் கிடைத்ததே என்னும் ஆறுதலே பிறக்கும். அறிவுரை கூற விரையாதீர்கள், கேளுங்கள். தனியே விடாதீர்கள். ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவ்வெண்ணம் உங்களுக்கே தோன்றுமாயின், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கேட்பதற்கு ஒருவர் உளர்.

பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அத்தாய் கேட்டார். முடியும், அம்மா. எங்கள் வகுப்பறைகளில் அவர்களே மிகுதி. இழந்த ஒருவன் பெயரால், இருக்கின்ற அவர்களை இளிவின்றி வாழவைப்போம். அவர்கள் சிரிக்கும்போது அச்சிரிப்பின் பொருளையும் கேட்டறிவோமாக.